தோட்டத்துக்கு வீட்டுத்திட்டம் வருகிறதா? அத்திவாரம் வெட்டுமுன் சுகாதாரத் தாக்கத்தை மதிப்பிடுவது எப்படி?

தேயிலைத் தோட்டத்துக்கு வீட்டுத்திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முதலில் எழும் கேள்வி, "பட்டியலில் நம்ம பேரு இருக்கா?" என்பதுதான். அடுத்தது, "சாவி எப்ப குடுப்பாங்க?" நூறு வருடத்துக்கு மேலாக பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வாழ்ந்த சனங்கள் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பு கேட்டால்தான் பலன்: அந்த இடத்தில், அந்த அமைப்பில் குடியிருந்தால் நம் உடம்பு என்ன ஆகும்?

இதை முறையாகக் கேட்டு விடை தேடுவதற்குச் சுகாதாரத் தாக்க மதிப்பீடு என்று பெயர். 1999இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் வெளியான கோதன்பர்க் ஆவணம் இதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. மக்கள் பங்கேற்பு, சமநீதி, நீடித்த அபிவிருத்தி, சான்றுகளை நேர்மையாகப் பயன்படுத்துவது ஆகிய நான்கையும் அது அடிப்படையாக வைத்தது. நம் இலங்கையில் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குச் சட்டம் உண்டு. 1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தத்தின் வழியாக அது வந்தது. ஆனால் வீடமைப்பு என்றால் பொதுவாக 1,000 வீடுகளைத் தாண்டும் திட்டங்களுக்குத்தான் அது பொருந்தும். தோட்டத்தின் ஒரு பிரிவில், அதாவது டிவிஷனில், கட்டும் நாற்பது வீட்டை யாரும் அப்படி அலசிப் பார்ப்பதில்லை. அந்த வேலையைத் தோட்டத்து இளைஞர் கழகமோ மாதர் சங்கமோ கோயில் கமிட்டியோ செய்யலாம். படித்தவர்கள் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தைக் கூடவே கொண்டு போகிறேன். மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டம், 40 குடும்பம். பழைய லயத்திலிருந்து எடுத்து, மேல்மலையில் கைவிட்ட தேயிலைக் காணியில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் கொடுப்பதாகத் திட்டம். இது கற்பனைத் தோட்டம்தான். ஆனாலும் நீங்கள் பார்த்த தோட்டம் மாதிரியே இருக்கும்.

படி 1: மதிப்பீடு தேவையா என்று முடிவெடுங்கள்

இதற்கு ஒரு பின்னேரம் போதும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். தண்ணீர், கழிவு, இருப்பிடம், பாதை இவற்றில் ஏதாவது மாறுகிறதா? அதனால் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பாதிக்கப்படலாமா? முடிவை மாற்ற இன்னும் காலம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தொடங்குங்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கல் இறக்கிவிட்டார்கள் என்றால் இடத்தை மாற்ற முடியாது, கானையும் (வடிகாலையும்) மலசலகூடக் குழியையும்தான் மாற்றலாம். அப்போது அதற்கேற்ற சின்ன மதிப்பீடு செய்தால் போதும்.

படி 2: யாருக்காகப் பார்க்கிறோம் என்று எழுதுங்கள்

"மக்கள்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் தெரியாது. கொழுந்து எடுக்கும் பெண், பால் குடிக்கும் பிள்ளையோடு இருப்பவள், கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் விட்டுப்போன வயதான தாய், சக்கர நாற்காலியில் இருப்பவர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று ஆள் ஆளாக எழுதுங்கள். வீடு கிடைக்காமல் லயத்திலேயே மிஞ்சப் போகிற குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி லயம் காலியானதும் மீதிப் பாதியின் கூரையை யார் பார்ப்பார்கள், கானை யார் சுத்தம் செய்வார்கள் என்பது சின்னப் பிரச்சினை இல்லை.

படி 3: தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

வீடுகளின் அமைவு வரைபடம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை, தண்ணீர்த் திட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். தோட்டத் துரையிடமும் பிரதேச செயலகத்திலும் மரியாதையாகக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய பொது அதிகாரசபையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும்.

பிரதேச சபையையும் விட்டுவிடாதீர்கள். தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்கக் கூடாது என்று பல காலம் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டிச் சொல்லி வந்தார்கள். அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. பழைய பதிலையே இன்னும் யாராவது சொன்னால் அதை நினைவுபடுத்துங்கள்.

இப்போதுள்ள சுகாதார நிலையையும் எழுதி வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நம் மிட்வைஃப் மிஸ்ஸிடம், எடை குறைந்த பிள்ளைகள் எத்தனை, கர்ப்பிணிகள் எத்தனை என்று மொத்த எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். யாருடைய பெயரும் நமக்கு வேண்டாம். தோட்டச் சனத்துக்கு இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 சதவீதம். பிள்ளை வளராததற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. அசுத்தத் தண்ணீரால் அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால் சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. வீட்டுத்திட்ட வரைபடத்துக்கும் பிள்ளையின் உயரத்துக்கும் தொடர்பு வருவது இப்படித்தான்.

படி 4: வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மலையை நடந்து பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். மேசையில் விரித்தால் காணி தட்டையாகத்தான் தெரியும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் என்றால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நடக்க வேண்டும். பதுளைப் பக்கம் என்றால் வருடக் கடைசி மழையில். முடிந்தால் பெப்ரவரி, மார்ச் வெயிலிலும் ஒரு முறை நடங்கள். மழையில் பாய்கிற பீலி (ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம்) வெயில் காலத்தில் சொட்டிக்கொண்டிருக்கலாம்.

மேலிருந்து கீழே இறங்குங்கள். நாட்டு வைத்திய மூலிகை தேடுகிற தாத்தா ஒருவரையும் தண்ணீர் தூக்குகிற அக்கா ஒருவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். எந்த ஊற்று எப்போது கலங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் தண்ணீர். பீலியின் ஊற்றுக்கண் எங்கே என்று கண்டுபிடித்து வரைபடத்தில் நீலப் புள்ளி வையுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டின் மலசலகூடக் குழியும் வரும் இடத்தில் சிவப்புப் புள்ளி. ஊற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். மலையில் அந்தத் தூரம் மட்டும் போதாது. சிவப்புப் புள்ளி நீலப் புள்ளிக்கு மேலே இருந்தால் குழியில் ஊறுவது மண்ணுக்குள்ளாகவே கீழே இறங்கி வரும். நம் உதாரணத் தோட்டத்தில் மேல் வரிசையின் ஆறு வீட்டுக் குழிகள் பீலிக்கு நேர் மேலே விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். புது வீட்டுக்காரர்களுக்கு அதனால் ஒன்றும் வராது. கீழ் லயத்தில் மிஞ்சியவர்கள்தான் செங்கமாரியிலும் வயிற்றோட்டத்திலும் கிடப்பார்கள். படி 2இல் அவர்களைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு 550. மீதியில் மண் அணைப்புச் சுவர், படிக்கட்டு, கான், குழி எல்லாம் வர வேண்டும். சரிவான காணியில் தட்டையாக மிஞ்சுவது கொஞ்சம்தான். முதல் குழி நிறைந்தால் இரண்டாவது குழிக்கு எங்கே இடம் என்று அந்த இடத்திலேயே நின்று கேளுங்கள்.

அடுத்தது சரிவு. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று கலங்கிய தண்ணீர் இவற்றைக் கண்டால் படம் எடுத்துத் திகதியோடு குறித்து வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இருந்தும் சனங்கள் அங்கேயேதான் குடியிருந்தார்கள். போக வேறு இடம் தரப்படவில்லை. அதனால் அறிக்கை இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் சொன்ன நிபந்தனைகள் வரைபடத்தில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் அபாயப் பகுதியில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்பது அந்த நிறுவனம் பின்பற்றி வந்த அளவுகோல். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நிலை வந்தால் எந்தப் பாதையால் எங்கே போவது? அந்தப் பாதையில் டோர்ச் பிடித்துக்கொண்டு ஒரு கிழவியால் நடக்க முடியுமா?

கடைசியாக அடுப்பு. வரைபடத்தில் குசினி என்று ஒரு சதுரம் இருக்கும். கேஸ் வாங்கக் கட்டுபடியாகாத வீட்டில் விறகுதான் எரியும். புகைபோக்கி வைக்கவில்லை என்றால் புகை முழுவதும் அம்மாவின் நெஞ்சுக்கும் பக்கத்தில் தவழும் பிள்ளையின் நெஞ்சுக்கும்தான் போகும். இல்லாவிட்டால் பின்பக்கம் தகரத்தால் ஒரு கொட்டில் அடிப்பார்கள். அந்தக் கொட்டில் கானை மறித்தால் மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டு அத்திவாரத்துக்குத் திரும்பும்.

படி 5: பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்

கூட்டம் போட்டால் தலைவரும் ஆண்களும் பேசுவார்கள், பெண்கள் பின்னால் நிற்பார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலோ கிளினிக் நாளிலோ போய், ஒரு பெண்ணே கேட்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். "சுகாதாரத்துக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்காதீர்கள். "அக்கா, அங்க போனா காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?" என்று கேளுங்கள். பதில் அதுவாகவே வரும். பிள்ளைக் காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கீழே இருக்கிறது, வீடு மேலே, வேலை மலை அந்தப் பக்கம். பிள்ளையை விட்டுவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். தாமதித்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள். அந்தப் பயத்தில் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போவாள், இல்லையென்றால் கிளினிக்கைத் தவறவிடுவாள்.

நல்லதையும் கேட்டு எழுதுங்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஓர் அறை, மழைக்கு ஒழுகாத கூரை, பக்கத்துக் காம்பராச் சண்டை கேட்காமல் ஒரு தூக்கம் எல்லாம் ஆரோக்கியம்தான். லயத்தில் இருந்த ஒரு துணை போவதையும் சொல்வார்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தபடி நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, தனி வீட்டில் நாள் முழுக்கத் தனியாக இருப்பார்.

படி 6: "அதனால்?" என்று கேட்டுச் சங்கிலி போடுங்கள்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் "அதனால்?" என்று எழுதி, உடம்பில் போய் முடியும் வரை தொடருங்கள். பாதை 3 அடி அகலப் படிக்கட்டு. அதனால்? வாகனம் ஏறாது. அதனால்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் பிரதான பாதையிலேயே நின்றுவிடும். அதனால்? பிரசவ வலி வந்தவளைக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்க வேண்டும். உடம்பில் போய் முடியாத சங்கிலியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எவ்வளவு கடுமை, நடக்கக்கூடியதா, திருத்த முடியுமா என்று குறியுங்கள். புள்ளிகள் போட்டுக் கூட்டுவதை நான் விரும்புவதில்லை. உயிர்ச் சேதம் ஒரு பக்கமும் சின்ன வசதிகள் மறுபக்கமும் கூட்டலில் சரிக்குச் சரியாகிவிடும். மண்சரிவு அபாயம் வேறு எந்த நன்மையாலும் ஈடாகாது, அதைத் தனியாக மேலே எழுதுங்கள்.

படி 7: செய்யக்கூடிய பரிந்துரையாக எழுதுங்கள்

"நீர் மாசடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் செய்ய மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "மேல் வரிசை ஆறு வீடுகளின் மலசலகூடக் குழிகளைப் பீலியின் ஊற்றுக்கண்ணுக்குக் கீழே, கிழக்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அத்திவாரம் வெட்டுமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரைபடத்தைத் திருத்த வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தில் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்." என்ன, எங்கே, யார், எப்போது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ஐந்தாறு பரிந்துரைக்கு மேல் போகாதீர்கள்.

படி 8: கையளித்த பிறகும் விடாதீர்கள்

நாலு பக்க அறிக்கை, புள்ளி வைத்த வரைபடம், படங்கள். பிரதிகளைச் சுகாதார வைத்திய அதிகாரி, பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், தோட்ட முகாமையாளர் ஆகியோருக்குக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். சுகாதார வைத்திய அதிகாரிக்கு முதலில் கொடுப்பது நல்லது. அவர் ஒரு வரி எழுதிச் சேர்த்தால் மற்ற மேசைகளில் தாள் நகரும்.

சனங்கள் குடிபோய் ஆறு மாதத்தில் ஒரு முறை, முதல் பெரிய மழைக்குப் பிறகு ஒரு முறை அதே வரைபடத்தோடு திரும்ப நடங்கள். குழிகள் எங்கே வெட்டப்பட்டன, கான் எங்கே அடைபட்டது, எத்தனை வீட்டில் தகரக் கொட்டில் வந்தது என்று குறியுங்கள். மிட்வைஃப் மிஸ்ஸிடம் எடை குறைந்த பிள்ளைகளின் மொத்தத்தையும் வயிற்றோட்டக் கணக்கையும் மறுபடி கேட்டு, படி 3இல் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த டிவிஷனுக்குத் திட்டம் வரும்போது அங்குள்ள இளைஞர் கழகத்துக்குக் கொடுக்க அந்தத் தாளில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.