சிறிய நன்னீர் மீன்தொட்டியில் நைட்ரேட்டைக் கட்டுக்குள் வைத்தல்

மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மற்ற இரண்டையும் போலக் கடும் நச்சு அன்று. ஆனால் சாதாரண வடிகட்டி அதை நீக்குவதில்லை என்பதால், நீர் குறைவாக உள்ள சிறிய தொட்டியில் அது விரைவாகச் சேர்ந்துவிடுகிறது.

லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; 40-ஐத் தாண்ட விடக்கூடாது. குழாய் நீரையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அதிலேயே நைட்ரேட் இருந்தால், எவ்வளவு நீர் மாற்றினாலும் தொட்டியின் அளவு அதற்குக் கீழே இறங்காது.

வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுவதே அடிப்படை. நைட்ரேட் இல்லாத நீரால் கால்பங்கை மாற்றினால் 80 என்பது 60 ஆகும், மறுநாள் மீண்டும் மாற்றினால் ஏறத்தாழ 45 ஆகும். அளவு மிக உயர்ந்திருக்கும்போது நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றி மீன்களை அதிர்ச்சிக்கு உள்ளாக்குவதைவிட, இவ்வாறு படிப்படியாக இறக்குவதே பாதுகாப்பானது என்பேன். புதிய நீர் குளோரின் நீக்கப்பட்டதாகவும் தொட்டி நீரின் வெப்பநிலையை ஒத்ததாகவும் இருக்க வேண்டும். சரளைக்கற்களிடையே தங்கும் கசடையும் குழாய் வைத்து உறிஞ்சிவிடுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

தீனியைக் குறைப்பது பலரும் தவறவிடும் வழி. வேகமாக வளரும் நீர்த்தாவரங்கள் நைட்ரேட்டை உறிஞ்சும்; அவற்றின் அழுகிய இலைகளை உடனுக்குடன் அகற்றிவிடுங்கள்.