குரோஷே அலைப் போர்வை: மேட்டில் கூட்டல், பள்ளத்தில் கழித்தல்

குரோஷே என்பது கொக்கி முனை ஊசியால் நூலைப் பின்னுவது. அடியில் போடும் செயினை (வளையத்துக்குள் வளையம் இழுத்த சங்கிலி) விட்டால், அலைப் போர்வையின் உடலுக்குத் தெரிய வேண்டிய ஸ்டிச் ஒன்றே ஒன்று: டபுள் குரோஷே. ஒரே இடத்தில் இரண்டு டபுள் போட்டால் அங்கே துணி மேடாக எழும்பும். இரண்டு டபுளை ஒன்றாகச் சேர்த்து முடித்தால் பள்ளமாக இறங்கும். மேட்டில் கூட்டியதைப் பள்ளத்தில் கழித்துவிட்டால் வரிசையின் மொத்தம் மாறாது. போர்வை விரியவும் விரியாது, சுருங்கவும் சுருங்காது. இதைத் தொடங்கிப் பாதியில் மூட்டை கட்டி வைப்பவர்கள் ஸ்டிச் கடினம் என்பதால் வைப்பதில்லை. பத்தாவது வரிசையில் கணக்கு உதைக்கிறது, எங்கே உதைத்தது என்று தெரியவில்லை. அதனால் இங்கே ஸ்டிச்சைவிடக் கணக்குக்கே இடம் அதிகம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே 'டபுள்' என்பது அமெரிக்க வழக்கு: ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிப் போடும் உயரமான ஸ்டிச். இதையே பிரிட்டிஷ் முறைப் புத்தகங்கள் 'டிரெபிள்' என்கின்றன. அவற்றில் 'டபுள்' என்று வந்தால் அது நமது சிங்கிள், அதாவது முன்சுற்று இல்லாமல் போடும் குட்டை ஸ்டிச். கையில் உள்ள பேட்டர்ன் எந்த வழக்கு என்று அறிய அதில் 'சிங்கிள்' என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

நூலும் ஊசியும்

டிகே (டபுள் நிட்டிங்) எனப்படும், ரொம்பத் தடிக்காத பருமனுள்ள நூல், 4 மி.மீ. ஊசி. இந்த இணை அலைக்கு நன்றாகப் பொருந்தும். ஊசியை எண் சொல்லிக் கேட்காதீர்கள், மி.மீ. பார்த்து வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் எண் ஊசி 4 மி.மீ.; லேஸ் போடும் அமெரிக்க எஃகு ஊசியில் அதே 8ஆம் எண் அதில் பாதிகூட இருக்காது.

அக்ரிலிக் எடை குறைவு, விலை குறைவு, மெஷினில் துவைக்கலாம், நிறமும் ஏராளம். ஏ.சி. அறைக்கும் மலையூர்க் குளிருக்கும் அதுவே போதும். சென்னையிலோ மதுரையிலோ மின்விசிறிக்குக் கீழே போர்த்திக்கொள்ள என்றால் பருத்திதான் உடம்புக்கு ஒத்துவரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: டிகே அக்ரிலிக் 100 கிராமில் 295 மீட்டர் அளவுக்குக் கிடைக்கும் என்றால், அதே பருமனில் பருத்தி 200 முதல் 220 மீட்டர்தான் வரும். ஆகவே அதே அளவுப் பருத்திப் போர்வை கனமாக இருக்கும், தன் கனத்தாலேயே நீளவாட்டில் தொய்யும். பெரிய கட்டிலுக்குப் பருத்தியில் போடுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். குழந்தைப் போர்வைக்கும் சோபா விரிப்புக்கும் பருத்தி அருமை.

இவை தவிர நூல் முனைகளைக் கோக்க மழுங்கிய முனையுள்ள பெரிய தையல் ஊசி ஒன்று, டேப், இருபது ஊக்கு, சமையலறைத் தராசு. தராசு எதற்கு என்பது சற்று நேரத்தில் தெரியும்.

மாதிரித் துண்டு

ஒரு அலைக்கு 14 ஸ்டிச். எத்தனை அலை வேண்டுமோ அதை 14ஆல் பெருக்கி, திரும்புவதற்கு 3 செயின் சேர்க்க வேண்டும். மாதிரிக்கு 2 அலை போதும்: 28 கூட்டல் 3, மொத்தம் 31 செயின். கீழே சொல்லியிருக்கும் முறையில் 10 வரிசை போட்டு, துணியின் நடுவில் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளம் வரை டேப் வைத்து அளக்கவும். டிகே நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் 7 முதல் 8 செ.மீ. வரும். இறுக்கிப் போடும் கைக்குக் குறையும், தளர்த்திப் போடும் கைக்குக் கூடும். எனவே உங்கள் அளவே கணக்கு.

7.5 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 75 செ.மீ. அகலக் குழந்தைப் போர்வைக்கு 10 அலை, 143 செயின். 150 செ.மீ. அகலத்துக்கு 20 அலை, 283 செயின். ஒரு வரிசை ஏறத்தாழ 1 செ.மீ. உயரம் வரும், 90 செ.மீ. நீளத்துக்கு 90 வரிசை.

இப்போது தராசை எடுங்கள். மாதிரியில் 28 ஸ்டிச் வீதம் 10 வரிசை, அதாவது 280 ஸ்டிச். 10 அலைப் போர்வையின் இரண்டு வரிசையிலும் அதே 280தான். ஆக மாதிரித் துண்டின் எடை எதுவோ, இரண்டு வரிசைப் பட்டை ஒன்றுக்கு அவ்வளவு நூல் தேவை. அக்ரிலிக்கில் அது 6 கிராம் அளவில் இருந்தால் 45 பட்டைக்கு 270 கிராம். ஓரத்துக்கும் கைச்சேதத்துக்கும் சேர்த்து 350 வாங்கினால் நடுவில் தவிக்க வேண்டியதில்லை. மிச்ச நூல்கண்டுகளை வைத்துப் போடுபவர்களுக்கும் இது உதவும். கண்டில் 6 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அந்த நிறத்தைத் தொடங்கவே வேண்டாம்.

அடிச் செயின்

போர்வை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். செயின் எல்லோர் கையிலும் டபுளைவிட இறுக்கமாகவே விழும். அடி இறுகினால் கீழ் ஓரம் சுருங்கி, போர்வை பாவாடைபோல மேலே விரியும். செயினை மட்டும் 5 மி.மீ. ஊசியால் போட்டு, முதல் வரிசையிலிருந்து 4 மி.மீ.க்கு மாறுங்கள். 14 செயினுக்கு ஓர் ஊக்கு மாட்டிக்கொண்டே போனால் 143ஐத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டாம். கடைசியில் ஐந்தாறு செயின் கூடுதலாகப் போட்டாலும் குற்றமில்லை. மிஞ்சியதை முதல் முடிச்சுப் பக்கமிருந்து அவிழ்த்துவிடலாம். ஆனால் குறைந்துவிட்டால் முழு வரிசையையும் பிரிக்க நேரும்.

கழித்தல் போடும் விதம்

நூலைச் சுற்றி ஊசியை ஸ்டிச்சில் நுழைத்து நூலை இழுங்கள். ஊசியில் 3 வளையம். மறுபடி சுற்றி இரண்டு வளையம் வழியே இழுங்கள், மீதி 2. இங்கே முடித்துவிடாமல், நூலைச் சுற்றி அடுத்த ஸ்டிச்சில் நுழைத்து இழுத்து, மீண்டும் சுற்றி இரண்டு வளையம் வழியே இழுங்கள். ஊசியில் 3 வளையம் நிற்கும். கடைசியாக ஒரு சுற்று, மூன்றையும் சேர்த்து ஒரே இழுப்பு. இரண்டு கால், ஒரு தலை: அதுதான் கழித்தல்.

வரிசை

முதல் வரிசை: ஊசியிலிருந்து எண்ணி 4ஆவது செயினில் 1 டபுள். விட்ட 3 செயின் ஒரு டபுளாகக் கணக்கில் சேரும். ஆக ஓரத்தில் இரண்டு.
அடுத்த 4 செயினில் தலா 1 டபுள்.
தொடர்ந்து 2 கழித்தல். இதில் 4 செயின் செலவாகும்.
அடுத்த 4 செயினில் தலா 1 டபுள்.
அடுத்த இரண்டு செயினில் தலா 2 டபுள். இது மேடு.
பிறகு மீண்டும் 4 டபுள், 2 கழித்தல், 4 டபுள், மேடு என்று தொடரவும்.
கடைசிப் பள்ளத்துக்குப் பின் 4 டபுள் போட்டால் ஒரே ஒரு செயின் மிஞ்ச வேண்டும். அதில் 2 டபுள்.

அடுத்த வரிசைகள்: 3 செயின் போட்டுத் திரும்பி, அதன் அடியில் உள்ள அதே ஸ்டிச்சில் 1 டபுள். மற்றதெல்லாம் முன்போலவே. முடிவில் அந்த 2 டபுள் விழ வேண்டிய இடம் முந்தைய வரிசையின் 3 செயினுடைய உச்சி.

10 அலை என்றால் 10 பள்ளம், நடுவே 9 முழு மேடு, இரு ஓரத்திலும் அரை மேடு, மொத்தம் 140 ஸ்டிச்.

எண்ணாமல் பார்த்தே சரிபார்க்க

வரிசை முடிவில் 140 வந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். ஓரிடத்தில் ஒரு ஸ்டிச் முன்னதாகக் கழித்தலைப் போட்டு, வேறோரிடத்தில் அதை ஈடுகட்டியிருந்தாலும் மொத்தம் 140தான் வரும். ஆனால் அந்தப் பள்ளம் ஒரு ஸ்டிச் நகர்ந்திருக்கும்; நாலைந்து வரிசை கழித்துத்தான் அலை சாய்ந்தது கண்ணில் படும்.

ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். முந்தைய வரிசையின் பள்ளத்தில் அருகருகே இரண்டு கழித்தல் தலைகள் இருக்கும். புதிய முதல் கழித்தலின் முதல் கால் அவற்றுக்கு முந்தைய சாதா டபுளிலும், இரண்டாம் கால் முதல் தலையிலும் நிற்க வேண்டும். அடுத்த கழித்தல் இரண்டாம் தலையையும் அதன் பின்னுள்ள சாதா டபுளையும் பிடிக்கும். மேட்டில் முந்தைய வரிசையின் நான்கு டபுள் விசிறிபோல விரிந்திருக்கும். அதன் நடு இரண்டில்தான் புதிய கூட்டல். இந்த இரண்டு அடையாளமும் பழகிவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே போடலாம். அதுவரை ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஊக்கு இருக்கட்டும்.

எங்கே தவறும், ஏன்

ஓரம் உள்ளே சரிந்தால், முந்தைய வரிசையின் 3 செயின் உச்சியை விட்டுவிட்டு வரிசையை முடித்திருக்கலாம். அது ஸ்டிச்போலவே தெரியாது என்பதால் எல்லோரும் ஒருமுறையாவது விடுவதுண்டு. 3 செயின் போட்டவுடன் மூன்றாவதில் ஊக்கு மாட்டிவிட்டால் தீர்ந்தது.

உச்சியை விடாமலும் ஓரம் சரிந்தால், திரும்பியதும் அதே அடியில் போட வேண்டிய டபுளை மறந்திருக்கிறீர்கள். சாதாரண டபுள் துணியில் அந்த இடத்தைத் தாண்டிப் போவதே வழக்கம். கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும்.

ஓரத்தில் வரிசைக்கு வரிசை ஓட்டை தெரிந்தால் 3 செயினுக்குப் பதில் 2 போட்டுப் பாருங்கள். கை தளர்வானவர்களுக்கு 2 செயினே டபுளின் உயரத்துக்கு வந்துவிடும்.

மேடும் பள்ளமும் மங்கித் தட்டையானால் சரிவில் 4 டபுளுக்குப் பதில் 3 அல்லது 5 விழுந்த இடம் இருக்கும். ஒவ்வொரு சரிவையும் நான்கு நான்காகத் தொட்டு எண்ணுங்கள். தவறு இரண்டு வரிசைக்குக் கீழே இருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு பிரித்துவிடுவதே நல்லது. மேலே ஒட்டுப்போட்டுச் சமாளித்தால் அந்தப் பள்ளம் கடைசிவரை கோணலாகவே தெரியும்.

நிறம் மாற்றுதல்

வரிசையின் கடைசி டபுளில் ஊசியில் இரண்டு வளையம் மிஞ்சும்போதே பழைய நூலை விட்டுப் புதியதை இழுத்து முடிக்கவும். முழுதாக முடித்த பின் மாற்றினால் பழைய நிறம் அடுத்த பட்டையின் முதல் ஸ்டிச்சின் தலையில் எட்டிப் பார்க்கும்.

இரண்டிரண்டு வரிசையாக நிறம் மாற்றுவது சிக்கனம். இரண்டாம் வரிசை முடியும்போது தொடங்கிய ஓரத்துக்கே வந்திருப்பீர்கள். இரண்டு மூன்று நிறம்தான் என்றால் நூலை வெட்டாமல் ஓரத்தோடு மேலே கொண்டுபோகலாம். ஒற்றை வரிசைப் பட்டை கண்ணுக்கு அழகு, ஆனால் நூல் எதிர் ஓரத்தில் நின்றுவிடும், வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டினால் 15 செ.மீ. முனை விடுங்கள். அதை அதே நிற வரிசைக்குள் ஒரு பக்கம் கோத்து, திருப்பி எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் என மூன்று முறை கொண்டுபோனால் துவைத்தாலும் வெளிவராது. முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் நாலாவது துவைப்பில் வாயைப் பிளக்கும். பத்து வரிசைக்கு ஒருமுறை உட்கார்ந்து கோத்துவிடுங்கள். தொண்ணூறு முனைகளைக் கடைசிக்குச் சேர்த்து வைத்தால் போர்வை அலமாரியைவிட்டு வெளியே வராது.

ஓரமும் துவைப்பும்

பக்கவாட்டு ஓரத்தில் ஒரு வரிசைக்கு 2 சிங்கிள் வீதம் போடவும். ஓரம் கொசுவம்போல நெளிந்தால் இரண்டு வரிசைக்கு 3 ஆகக் குறைக்கவும். மேல், கீழ் ஓரங்களை நேராக்க வேண்டும் என்று சிலர் பள்ளத்தில் உயரமான ஸ்டிச், மேட்டில் சிங்கிள் என நிரப்புவார்கள். ஒரே வரிசையில் பள்ளம் முழுதாக நிரம்பாது; அலையை அலையாகவே விட்டுவிடுவது அழகு.

ஓரம் நேராகவே வேண்டும் என்பவர்கள் கூட்டல் கழித்தல் இல்லாத இன்னொரு அலையைப் போடலாம். அதில் ஸ்டிச்சின் உயரமே அலையாகும். வரிசை மொத்தம் 14இன் மடங்கும் 1ம். முதலில் 1 சிங்கிள். பிறகு 1 சிங்கிள், 2 அரை டபுள், 2 டபுள், 3 டிரெபிள், 2 டபுள், 2 அரை டபுள், 2 சிங்கிள் என்று திரும்பத் திரும்ப. அரை டபுள் என்பது சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரமுள்ள ஸ்டிச். இங்கே டிரெபிள் என்பது ஊசியில் இரண்டு சுற்றுப் போடும் அமெரிக்க வழக்கு. அதன் மேல் வேறு நிறத்தில் இரண்டு வரிசை சிங்கிள். அடுத்து சிங்கிள் இருந்த இடத்தில் டிரெபிளும் டிரெபிள் இருந்த இடத்தில் சிங்கிளுமாகத் தலைகீழாகப் போட்டால் மேல்பக்கம் நேராகிவிடும்.

அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்கவே கூடாது. சூட்டில் நூல் செத்துப்போய்த் தொளதொளவென்று ஆகிவிடும், மறுபடி மீளாது. அடர் சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துவைத்த பிறகு கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்து, மேடு பள்ளங்களைக் கையால் நீவிவிட்டு நிழலில் காய வையுங்கள். கைக்குழந்தைக்குப் போட்டதென்றால் மடியில் வைத்திருக்கும்போது சுற்றிக்கொள்ளலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தனியாகத் தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக்கூடாது.