நச்சரிக்காமல் சம்மதிக்க வைப்பது எப்படி?

விற்பனைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாயைத் திறந்ததுமே பொருளின் பெருமையைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், எதிரே இருந்தவர் மணியைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

முதல் படி: கேளுங்கள். லேப்டாப் வாங்க வந்தவரிடம் “எந்த மாடல் வேண்டும்?” என்றால், “நல்லதா ஒன்று காட்டுங்கள்” என்பார், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “இப்போது வைத்திருப்பதில் எது எரிச்சலாக இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “தினமும் ரயிலில் ரெண்டு மணி நேரம் வேலை பார்க்கிறேன், பாதி வழியிலேயே சார்ஜ் போய்விடுகிறது” என்று அவரே கதையைச் சொல்லிவிடுவார். அப்புறம் நீங்கள் பேச வேண்டியது பேட்டரியைப் பற்றி மட்டும்தான், மற்ற அருமை பெருமைகளை அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ரெண்டாவது, குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். “இது கொஞ்சம் கனம்தான், ஆனால் சார்ஜ் நாள் முழுக்க நிற்கும்.” வரிசை முக்கியம்: குறை முன்னால், பலம் பின்னால். எப்படியும் கையில் தூக்கியதும் கனம் தெரியத்தான் போகிறது.

மூன்றாவது, கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லென் லாங்கர் என்ற உளவியலாளர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஜெராக்ஸ் எடுக்க நிற்பவரிடம் “ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டபோது சுமார் 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். “ஏனென்றால் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்” என்ற உப்புச்சப்பில்லாத காரணத்தைச் சேர்த்ததும் அது 93 ஆனது! இதை மட்டும் படித்துவிட்டு எதையாவது உளறினால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள், பக்கங்கள் 20 ஆனதும் அந்த வெற்றுக் காரணம் துளியும் எடுபடவில்லை, உண்மையான அவசரத்தைச் சொன்னபோதுதான் சம்மதித்தவர்கள் 24-லிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். வீடு மாற்ற நண்பரைக் கூப்பிடுவது 20 பக்க வேலை, அதனால் “ஞாயிறு மதியத்துக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும், பீரோவை என்னால் தனியாகத் தூக்க முடியாது” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

நான்காவது படியில்தான் புதியவர்களுக்குக் கை நடுங்கும். மறுக்கும் உரிமையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “முடியாது என்றாலும் பரவாயில்லை, உங்கள் விருப்பம்.” பிரான்ஸில் கெகான், பஸ்கால் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பேருந்துக்குக் காசு கேட்டபோது 10 சதவீதம் பேர்தான் கொடுத்தார்கள், கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்று சேர்த்துச் சொன்னபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். ஆனால் இப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் மூன்று முறை போன் அடித்தால், முந்தின நாள் சொன்னது வெறும் நடிப்பு.

எது நியாயம், எது தந்திரம் என்று குழப்பம் வந்தால் நான் ஒன்று செய்வேன்: நான் செய்வதை அவரிடமே சொன்னால் கோபப்படுவாரா என்று யோசிப்பேன். “உங்களுக்கு எது தொந்தரவு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்” என்று தாராளமாகச் சொல்லலாம். குடோனில் நாற்பது பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு “கடைசி ரெண்டுதான் இருக்கிறது” என்றீர்களே, அதைச் சொல்ல முடியுமா? நிஜமாகவே ரெண்டுதான் இருந்தால் சொல்லுங்கள், அது அவருக்கும் தெரிய வேண்டிய தகவல்தான்.

அப்படியும் அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். பதில் வந்ததும் “சரி” என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பெட்டிக்குள் வையுங்கள்.