பினாங்குக் கடலோரத்தில் தகவமைப்பைப் படம்பிடிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு கடல் உயிரியைப் படம் எடுக்கப் போகும்போது, அதன் உடலில் ஏதாவது ஒன்று ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாழும் சூழலுக்குப் பொருந்தும்படி உடல் அமைந்திருப்பதைத்தான் தகவமைப்பு என்கிறோம். கண் ஏன் தலை உச்சியில் இருக்கிறது? வயிறு ஏன் வெள்ளை? இந்தக் கேள்வி மனதில் இருந்தால் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு நெருங்க வேண்டும், எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். பினாங்கில் இருப்பவர்கள் இதைப் பழக முக்குளிப்புச் சான்றிதழ் எல்லாம் வேண்டியதில்லை. சேறும் முழங்கால் அளவுத் தண்ணீரும் போதும்.

படி 1: பசாரில் தொடங்குங்கள்

காலையில் ஒரு கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்கி, ஜன்னல் ஓரம் தட்டில் வையுங்கள். முதுகு பச்சை கலந்த கருநீலம், வயிறு வெள்ளி. மேலே பறக்கும் பறவைக்கு அந்த முதுகு இருண்ட ஆழத்தோடு கலந்துவிடும். கீழே இருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அந்த வயிறு வெளிச்சமான நீர்ப்பரப்போடு கலந்துவிடும். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், வயிற்றுப் பக்கமாக ஒரு படம் எடுத்து மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

நாக்கு மீன் கிடைத்தால் அதையும் வாங்குங்கள். குஞ்சாக இருக்கும்போது அதற்கும் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் மண்டையின் மறுபக்கத்துக்கு நகர்ந்து வந்துவிடுகிறது. மணலில் படுத்தே வாழும் மீனுக்கு அடியில் ஒரு கண் இருந்து என்ன பயன்? முகத்தை நேருக்கு நேர் வைத்து எடுத்தால் அந்தக் கோணல் நன்றாகத் தெரியும்.

படி 2: கருவி

நீர்புகாத சிறிய கேமரா ஒன்று போதும். ஒலிம்பஸ் டிஜி-6, அதன் அடுத்த பதிப்பான ஓஎம் சிஸ்டம் டிஜி-7 இரண்டும் தனிப் பெட்டி இல்லாமலே 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருப்பதைக்கூடத் தெளிவாக எடுக்கும். கைப்பேசியை நீர்புகாப் பையில் போட்டும் பழகலாம். ஆனால் தண்ணீருக்குள் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது, ஒலி கூட்டும் பொத்தானால் படம் எடுக்க அமைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் மூடியை அடைக்கும் முன் ரப்பர் விளிம்பில் மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முடி போதும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

படி 3: சேற்றில் உட்காருங்கள்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். பாலிக் புலாவ் பக்கம் அலையாத்திக் காடுகளை ஒட்டிய சேற்றில் தெம்பாக்குல் மீன்களைப் பார்க்கலாம். தண்ணீரை விட்டு வெளியே வந்து, முன் துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் நடக்கும் மீன் இது. பெரிய இனம் ஒரு சாணுக்கு மேல் வளரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் வற்றும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள். சேறு காலை இழுக்கும், அதனால் தனியாகப் போக வேண்டாம்; கட்டியான கரையிலோ பலகை நடைபாதையிலோ இருந்தபடியே எடுங்கள். அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவை உங்களை மறந்துவிடும்.

கேமராவைச் சேற்று மட்டத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் சேற்றின் மேல் ஒரு சேற்று நிறப் புள்ளிதான் கிடைக்கும். கீழே இறக்கினால், தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு கண்களும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். உடம்பு தண்ணீருக்குள் இருக்க, கண்ணை மட்டும் வெளியே வைத்துச் சுற்றிலும் பார்க்க உதவும் அமைப்பு அது.

அந்தக் கண்ணையே கவனியுங்கள். திடீரென்று அது குழிக்குள் அமிழ்ந்து மறைந்து, மறுபடி மேலே வரும். காற்றில் காயும் கண்ணை நனைத்துக்கொள்ளத்தான் இந்தச் சிமிட்டல். தொடர் படப்பிடிப்பு முறையில் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் கண் திறந்த படம், பாதி அமிழ்ந்த படம், மூடிய படம் என்று வரிசையாகக் கிடைக்கும். அடுத்து கன்னங்களைப் பாருங்கள். வளை வாயில் இருக்கும் மீனின் கன்னம் உப்பியிருந்தால், வாயில் காற்றை நிரப்பிக்கொண்டு உள்ளே போகத் தயாராகிறது என்று நினைக்கலாம். சேற்று வளைக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு, முட்டைகளோ உள்ளே இருக்கின்றன. அதனால் காற்றை வாய் வாயாகக் கொண்டுபோய் வளைக்குள் சேர்த்து வைக்கும் இனங்கள் உண்டு. அப்புறம் தோல்: அது எப்போதும் ஈரமாகப் பளபளக்கும். ஈரமான தோல் வழியாகவும் இது சுவாசிக்கிறது. வெயில் எதிரே இருக்கும்படி உட்கார்ந்தால் அந்த ஈரம் படத்தில் பதியும்.

படி 4: தண்ணீருக்குள் வெளிச்சம்

தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நன்றாக மங்கிவிடும், 10 மீட்டரில் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஆழத்தில் சிவப்பு மீன் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பகலில் பாறை இடுக்கில் ஒளிந்து, இரவில் பெரிய கண்களோடு இரை தேடும் சிப்பாய் மீனுக்கு அந்தச் சிவப்பே மறைப்பு. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம், ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

ஆனால் பினாங்குத் தீவைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. கேமராவோடு ஒட்டிய ஃபிளாஷ் மிதக்கும் தூசி ஒவ்வொன்றையும் வெள்ளைப் புள்ளியாக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கை நீட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எதையும் ஒரு மீட்டருக்குள் நெருங்கியே எடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் செய்வதில் பயனில்லை, இடையில் இருக்கும் கலங்கலும் சேர்ந்தே பெரிதாகும்.

உடல் முழுக்க மூடும் நீச்சல் உடையும், அடி கெட்டியான செருப்பும் போடுங்கள். பினாங்கு நீரில் நச்சோடு கொட்டும் பெட்டி ஜெல்லி மீன்கள் உண்டு. கொட்டிய இடத்தில் ஊற்ற வினிகர் ஒரு பாட்டில் பையில் இருக்கட்டும்.

படி 5: புலாவ் பாயார்

கொஞ்சம் பழகியதும் கெடாவைச் சேர்ந்த புலாவ் பாயார் கடல் பூங்காவுக்குப் போங்கள். பினாங்குக்கும் லங்காவிக்கும் இடையில் இருக்கிறது, பெரும்பாலான படகுகள் லங்காவியிலிருந்து கிளம்பும். அங்கே கரையோர ஆழமற்ற நீரில் துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் சுற்றும். முகமூடி போட்டு நீருக்குள் பார்வையை இறக்கினால், கெம்போங்கில் பார்த்த அதே மேல்-கீழ் நிறப் பாகுபாட்டை உயிரோடு பார்க்கலாம். துரத்த வேண்டாம். ஓரிடத்தில் நின்றால் வட்டமிட்டுத் திரும்பி வரும். உணவு போட வேண்டாம், எதையும் தொட வேண்டாம், பவளத்தின் மேல் நிற்கவே கூடாது.

கடல் சாமந்திக்குள் (பூப்போலத் தெரியும், கொட்டும் கைகள் கொண்ட கடல் உயிரி) இருக்கும் கோமாளி மீன்களை ஒவ்வொன்றாக எடுக்காமல், குடும்பமாக ஒரே சட்டகத்தில் எடுங்கள். இருப்பதிலேயே பெரியது பெண். அது இறந்துபோனால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண், பெண்ணாக மாறிவிடும். அளவு வித்தியாசம் தெரியும் ஒரு படத்தில் இந்தக் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. கொட்டும் கைகளுக்கு நடுவே அவை பிழைப்பது உடம்பின் வழவழப்பான மேற்பூச்சால்.

கணவாய் கண்ணில் பட்டால் மற்றதை எல்லாம் விட்டுவிடுங்கள்! நரம்புகள் நேரடியாக இயக்கும் நிறப் பைகள் அதன் தோலில் இருப்பதால் நொடிக்குள் நிறம் மாறும். அதன் கண்ணில் ஒரே வகை ஒளி உணரிதான். நாம் பார்ப்பது போல நிறம் பார்க்க அதனால் முடியாது என்பதை நினைத்தால் வியப்பு இன்னும் கூடும். வளைந்து நெளிந்த அந்தக் கண்பாவையைக் குறிவைத்து ஃபோகஸ் செய்யுங்கள்.

படி 6: படத்துக்குக் கீழே என்ன எழுதுவது

பலர் சறுக்குவது இங்கேதான். "எதிரியிடமிருந்து தப்பிக்க இந்த மீன் தன் நிறத்தை வளர்த்துக்கொண்டது" என்று எழுதாதீர்கள். எந்த மீனும் விரும்பி அப்படி மாறவில்லை. ஒரே இனத்துக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு குஞ்சுகள் பிறக்கின்றன. எளிதில் கண்ணில் படாதவை அதிகம் பிழைத்து, அதிகம் குஞ்சு பொரிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்த நிறமே இனத்தில் நிலைத்துவிடுகிறது. "மறைந்திருக்க உதவும் நிறம்" என்று எழுதினால் சரி. வண்ணத்துப்பூச்சி மீனின் வால் பக்கம் இருக்கும் கண் போன்ற புள்ளி எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அங்கே "தாக்க வருவதைத் திசைதிருப்ப இருக்கலாம்" என்று எழுதுவதுதான் நேர்மை.

தேதி, இடம், நேரம், ஆழம், நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பதையும் சேர்த்து, உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். இனத்தின் பெயர் தெரியவில்லை என்றால் வெறுமனே மீன் என்று போட்டாலும் போதும், அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பக்கவாட்டுப் படமும், துடுப்பு விரிந்த ஒரு படமும் சேர்ந்திருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.