தொட்டியில் காகிதப்பூ: நான் செய்து கெட்டவை

"இலையாகவே வருது, பூவைக் காணோமே!" காகிதப்பூ வைத்திருக்கும் புதியவர்கள் எல்லோரும் இதைச் சொல்லிவிடுவார்கள். வெயில் வேண்டும், தொட்டியில் ஓட்டை வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

பாவம் பார்த்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது

8 அங்குலத் தொட்டியில் மூன்று வருடம் நன்றாகப் பூத்த செடி அது. அடி ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்த்ததும், இடமில்லாமல் திண்டாடுகிறதே என்று 18 அங்குலத் தொட்டி வாங்கினேன். செடியைக் கவிழ்த்து, மற்ற செடிகளுக்குச் செய்வதுபோலப் பழைய மண்ணை உதிர்த்து, வேரை விரலால் கோதிவிட்டேன். நூல் அறுவதுபோல வேர் அறுந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

நான்காம் நாள் இலையெல்லாம் பச்சையாகவே தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பாதிச் செடி போனது. பிழைத்த பாதி அடுத்த ஒரு வருடம் இலை மட்டுமே விட்டது.

காகிதப்பூவின் வேர் மிக மெல்லியது, தொட்டால் அறும். அறுந்த வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. வேர் எட்டாத மண்ணோ நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், மிச்ச வேரும் அழுகும். வேர் இறுகி, மண் சீக்கிரம் காயும் தொட்டியில்தான் இது நன்றாகப் பூக்கும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், ஒரு சுற்றுப் பூ முடிந்த பிறகு, 2 அங்குலம் மட்டும் பெரிய தொட்டி. முந்தின நாள் நீர் விட்டால் வேரைச் சுற்றியுள்ள தாய் மண் உதிராது. பிளாஸ்டிக் தொட்டியானால் இழுக்காதீர்கள். தொட்டியை வெட்டி எடுங்கள். தொட்டி போனால் போகட்டும். "வேரை நல்லா உதறி நடுங்க" என்று இன்றும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தினமும் ஒரு குவளை

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும். விரலை இரண்டு கணு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். பிறகு சும்மா இருங்கள்.

பூக்கவில்லை என்று யூரியா

இலைதான் வரும்.

மொட்டு நேரத்தில் கத்தரிப்பது

பூ வருவது புதுத் தளிரில். நுனியில் நிறம் தெரியும்போது வடிவம் பார்த்து வெட்டினால் அந்தச் சுற்றுப் பூ முழுக்கக் குப்பைக்குப் போகும். வண்ணமெல்லாம் உதிர்ந்த பிறகு கவாத்து செய்யுங்கள்.

வெறுங்கையால் கவாத்து

ஒருமுறை முள் ஏறினால் போதும், கையுறை தானாக வாங்குவீர்கள்.

நடுவில் உள்ளது காய்ந்ததும் பதறுவது

நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணம் உண்மையில் இலை. உள்ளே பாருங்கள், பெரும்பாலும் மூன்று சின்ன வெள்ளைக் குழல்கள் இருக்கும். பூ அதுதான். அது வாடிய பிறகும் வண்ண இலை பல நாள் நிற்கும். நோய் என்று மருந்து அடித்தவர்களில் நானும் ஒருத்தி.