மைல் கணக்கு: சிங்கப்பூரில் முதல் கார்டு வாங்கும் முன்

வேலை பாஸ் கைக்கு வந்த மாதத்திலேயே அலுவலகத்தில் யாராவது வாட்ஸ்அப்பில் கிரெடிட் கார்டு விண்ணப்ப இணைப்பு ஒன்றை அனுப்புவார்: "இதுல போய் கார்டு போடுங்க, ஊருக்கு ஃப்ரீயா போய்ட்டு வரலாம்." பேரங்காடி வாசலில் மேசை போட்டு நிற்கும் இளைஞர், கார்டு எடுத்தால் பரிசு என்று சக்கரப்பெட்டி ஒன்றை இழுத்துக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் விண்ணப்பித்தால் இருவருக்குமே ஏதோ கிடைக்கிறது. அது எவ்வளவு, உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்துவிட்டு இறங்கினால் மைல் (கார்டில் செலவழிக்கச் சேர்ந்து, விமான டிக்கெட்டாக மாறும் புள்ளி) சேர்ப்பது நல்ல பழக்கம்தான். பார்க்காமல் இறங்கினால் வங்கிக்குத்தான் லாபம்.

முதலில், கார்டு கிடைக்குமா? 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. வெளிநாட்டவருக்குப் பெரும்பாலான வங்கிகள் இதற்கும் மேலே, 40,000 முதல் 60,000 வரை கேட்கின்றன. உயர்சம்பள நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்தவர்களுக்கு இது பெரிய தடையல்ல. நடுத்தரத் திறன் பணிகளுக்கான எஸ் பாஸில் இருப்பவர்கள் பலர் வங்கிகளின் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவார்கள். அப்படி நிற்பவர்களுக்கு 10,000 வெள்ளியை நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன்பேரில் கார்டு வாங்கும் வழியைச் சில வங்கிகள் தருகின்றன. மைலுக்காக மட்டும் அவ்வளவு பணத்தை முடக்குவது வேண்டாத வேலை. குறைந்த சம்பளத் தொழிலாளர்களுக்கான ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு, மலிவு டிக்கெட் எப்போது வருகிறது என்று பார்ப்பதே மேல்.

புதிதாக வந்தவர்களிடம் வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை இருக்காது. அதனால் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், பாஸ், கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் பல இடங்களில் விண்ணப்பம் தேறாது. ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் தகவல் நிலையத்தில் பதிவாகும். வரலாறே இல்லாத ஒருவரின் பெயரில் அடுத்தடுத்து விசாரணைகள் விழுந்தால் வங்கிக்கு அது பண நெருக்கடிபோலத் தெரியும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இந்தியக் கடவுச்சீட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். வங்கியில் ஒரு வரிசையிலும் கிரிஸ்ஃப்ளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டம்) கணக்கில் வேறொரு வரிசையிலும் பெயர் இருந்தால், செலவுக்கு வங்கி தரும் புள்ளிகளை மைலாக மாற்றும்போது கோரிக்கை திரும்பி வரலாம். டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தாவிட்டால் அது வேறு சிக்கல். ஆகவே கிரிஸ்ஃப்ளையர் கணக்கைத் திறக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள், வங்கியிலும் அதையே கொடுங்கள். கணக்கு திறக்கக் கட்டணம் இல்லை.

இனி சேரும் கணக்கு. பொதுவான மைல் கார்டுகள் உள்ளூரில் செலவழிக்கும் ஒரு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் தருகின்றன. இணைய வணிகம், உணவகம் என ஒரு வகைச் செலவுக்கு மட்டும் 4 மைல் தரும் கார்டுகளும் உண்டு, ஆனால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,000 வெள்ளி வரைதான் அந்த விகிதம். அதைத் தாண்டினால் வெள்ளிக்கு அரை மைல்கூடத் தேறாது. விளம்பரத்தில் 4 பெரிய எழுத்தில் இருக்கும், வரம்பு அடிக்குறிப்பில் இருக்கும்.

அடிக்குறிப்பில் இன்னொன்றும் உண்டு. சில வங்கிகள் ஒவ்வொரு முழு 5 வெள்ளிக்கும்தான் புள்ளி தரும். 9.90 வெள்ளிக்கு மசாலா தோசையும் காப்பியும் சாப்பிட்டால் கணக்கில் ஏறுவது 5 வெள்ளி மட்டுமே. 4.90 என்றால் ஒன்றுமில்லை. தினசரிச் சில்லறைச் செலவுக்கு அந்தக் கார்டை நீட்டுபவர் தன் மைலில் ஒரு பங்கைத் தெருவில் விடுகிறார். சின்னச் செலவுக்கு ஒரு வெள்ளி அளவில் கணக்கிடும் கார்டு, பெரிய செலவுக்கு மற்றது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செலவுக்கு மைல் வரும் என்பதைக் கடையின் பெயரோ நீங்கள் வாங்கிய பொருளோ முடிவு செய்வதில்லை. கடையின் கார்டு இயந்திரத்துக்கு ஒதுக்கப்பட்ட நான்கு இலக்க வணிக வகைக் குறியீடுதான் முடிவு செய்கிறது. 5812 உணவகம், 5411 மளிகை, 4900 மின்சாரம் தண்ணீர், 6300 காப்பீடு. முஸ்தபாவில் அரிசி, கைக்கடிகாரம், மாத்திரை எதை வாங்கினாலும் பில் விழுவது அந்தக் கடையின் குறியீட்டில்தான், "மளிகைக்கு 4 மைல்" என்று நம்பி நீட்டினால் ஏமாற்றம் வரலாம். காப்பீடு, மருத்துவமனை, பள்ளிக் கட்டணம், அரசாங்கக் கட்டணம், மின்சார பில், மின்பணப்பையில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகள் எதுவும் தருவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்பக் கார்டைப் பயன்படுத்தவே கூடாது. அது ரொக்க முன்பணமாகக் கருதப்பட்டால் 8 விழுக்காடு வரை கட்டணமும், அன்றிலிருந்தே வட்டியும் ஓடத் தொடங்கும்.

இதை எல்லாம் கழித்தால், குடும்பம் இல்லாமல் வந்த ஒருவருக்கு மைல் வரக்கூடிய செலவு மாதம் 1,000 வெள்ளி இருந்தாலே அதிகம். வாடகை வங்கி மாற்றலில் போகிறது, உணவங்காடி நிலையத்தில் ரொக்கமோ பேநவ் எனும் கைப்பேசிப் பணமாற்றமோ, மீதி ஊருக்கு.

இப்போது ஊர் டிக்கெட். சென்னைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கன வகுப்பில், சேவர் எனப்படும் மலிவு இருக்கைக்கு, ஒரு வழிக்கு இருபதாயிரம் மைலை ஒட்டி ஆகும். போய்வர 40,000 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கு 1.3 மைல் என்றால் கிட்டத்தட்ட 31,000 வெள்ளி செலவழித்திருக்க வேண்டும். மாதம் ஆயிரம் வீதம் இரண்டரை ஆண்டு. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. "ஃப்ரீயா போய்ட்டு வரலாம்" என்ற வாக்கியத்துக்குள் இந்த இரண்டரை ஆண்டும் அடங்கியிருக்கிறது. அதோடு வரி தனி. சாங்கியிலிருந்து கிளம்பும்போது மட்டுமே சுமார் 65 வெள்ளி, மைலில் எடுத்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

மைலின் மதிப்பைக் கண்டுபிடிப்பது எளிது. காசு கொடுத்து வாங்கினால் என்ன விலையோ, அதிலிருந்து வரியைக் கழித்து மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். போய்வர 420 வெள்ளி, அதில் வரி 110 என்றால் மிச்சம் 310. அதை 40,000ஆல் வகுத்தால் ஒரு மைல் முக்கால் காசை (சென்ட்டை) சற்றே தாண்டுகிறது. அதே மைலை பிசினஸ் வகுப்புக்கோ, டிக்கெட் எகிறி நிற்கும் நாளுக்கோ பயன்படுத்தினால் இரண்டு காசைத் தாண்டலாம். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் சேவர் இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு 355 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. தீபாவளித் தேதி முன்பே தெரிந்த ஒன்றுதான், விடுப்பு கிடைக்குமா என்பதுதான் தெரியாது.

திருச்சி, கோயம்புத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு எங்கள் கருத்து இன்னும் கறாரானது. அங்கே நேரடியாகப் போவது ஸ்கூட் போன்ற மலிவு விமானங்கள். ஸ்கூட் டிக்கெட்டுக்கு மைலைத் தள்ளுபடியாகக் கழித்தால் ஒரு மைலுக்கு ஒரு காசுகூடத் தேறாது. நீங்கள் பிசினஸ் வகுப்பில் போகப் போவதில்லை என்றால், நிபந்தனை இல்லாமல் ஒன்றரை விழுக்காடு பணம் திருப்பித் தரும் கார்டு போதும். பெட்டிக்கான எடைக் கட்டணத்துக்கு அந்தப் பணம் உதவும்.

பணம் திருப்பித் தரும் கார்டே போதும் என்பதை மைல் ஆலோசனை சொல்பவர்களிடம் அதிகம் கேட்க மாட்டீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு கார்டு ஒப்புதலானால் இணைப்பு கொடுத்தவருக்கு வங்கியோ ஒப்பீட்டுத் தளமோ தரகு தருகிறது. தரகு தராத கார்டு "சிறந்த ஐந்து" பட்டியலில் ஏறுவது அபூர்வம். தரகு வாங்குவது தவறில்லை. இருபது பக்க விதிமுறைகளைப் படித்து, எந்தச் செலவு எந்தத் தேதியிலிருந்து விலக்கப்பட்டது என்று எழுதுபவரின் உழைப்புக்குக் கூலி வேண்டும், அந்தத் தகவல் நமக்கும் பயன்படுகிறது. மறைப்பதுதான் தவறு. கட்டணம் பெற்று எழுதியதை அப்படியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இலேயே சமூக ஊடகங்களுக்கான வழிகாட்டி நெறிகளில் வைத்திருக்கிறது. ஒருவரின் ஆலோசனையை எடைபோட எளிய சோதனைகள் உண்டு: வட்டியைப் பற்றி ஒரு வரியாவது சொல்கிறாரா, விலக்குகளைச் சொல்கிறாரா, தனக்கு வருமானம் வராத கார்டு ஒன்றையாவது பரிந்துரைக்கிறாரா. விவரத்துக்கு அவர்களைப் படியுங்கள், முடிவுக்கு உங்கள் மூன்று மாதச் செலவுப் பட்டியலைப் பாருங்கள்.

இதே நியாயம் நமக்கும் பொருந்தும். நீங்களும் நாளை புதிதாக வந்த அறைத்தோழருக்கு இணைப்பு அனுப்புவீர்கள். "நீங்க இதுல போட்டா எனக்கு இவ்வளவு வரும்" என்று அந்தச் செய்தியிலேயே தொகையை எழுதுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவருக்கு அனுப்பவே வேண்டாம், அவரால் மறுக்க முடியாது. நண்பர்கள் கூட்டமாகச் சாப்பிட்டதை உங்கள் கார்டில் கட்டிப் பேநவ்வில் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. மைலை விற்பது வேறு கதை: கிரிஸ்ஃப்ளையர் விதிகள் அதைத் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கும் போகும், காசு கொடுத்தவரின் டிக்கெட்டும் போகும். உங்கள் மைலில் அம்மா அப்பாவை வரவழைக்க நேர்வழியே இருக்கிறது. கணக்கில் ஐந்து பேர் வரை பயனாளிகளாகச் சேர்க்கலாம். தேக்கா பக்கத்துச் சின்னக் கடையில் எட்டு வெள்ளி காய்கறிக்குக் கார்டை நீட்டி நிற்காதீர்கள். அந்த மைலுக்கான கட்டணம் கடைக்காரரின் லாபத்திலிருந்துதான் போகிறது.

சேர்க்கைப் பரிசுகளில் கவனிக்க வேண்டியவை: "புதிய வாடிக்கையாளர்" என்றால் பெரும்பாலும் அந்த வங்கியின் கார்டு கடந்த 12 மாதத்தில் இல்லாதவர். குறித்த நாளுக்குள் குறித்த தொகையைச் செலவழிக்க வேண்டும், விலக்கப்பட்ட செலவு அதில் சேராது. சில பரிசுக்கு முதல் ஆண்டுக் கட்டணமான 196.20 வெள்ளியைக் கட்ட வேண்டியிருக்கும். விண்ணப்ப எண், நிபந்தனைப் பக்கம் இரண்டையும் படம் பிடித்து வையுங்கள், பரிசு வர மாதக்கணக்கில் ஆகும்.

வாடகையைக் கார்டில் கட்டித் தரும் இடைத்தரகு நிறுவனங்கள் உண்டு. 2,000 வெள்ளி வாடகைக்கு 2.6 விழுக்காடு கட்டணம் என்றால் 52 வெள்ளி. அதே 1.3 கணக்கில் கிடைப்பது 2,600 மைல். அதாவது மைல் ஒன்றை இரண்டு காசுக்கு வாங்குகிறீர்கள். பிசினஸ் வகுப்புக்குக் குறிவைப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள், அறையை வாய்ப்பேச்சில் எடுத்தவர்களுக்கு இது கிடையாது.

ஊருக்குப் போனதும் தி. நகர் ஜவுளிக்கடையில் சிங்கப்பூர்க் கார்டைக் கொடுத்தால், இயந்திரத் திரையில் ரூபாயிலா, சிங்கப்பூர் வெள்ளியிலா என்று கேட்கும். பல நேரம் கடைப் பையனே வெள்ளியை அழுத்திவிடுவார். இயந்திரத்தை உங்கள் பக்கம் திருப்பி ரூபாயை அழுத்துங்கள். வெள்ளியில் போனால் மாற்று விகிதத்தில் சில விழுக்காடு இழப்பு, வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் மைலும் வராது. ரூபாயிலேயே போனாலும் வங்கி 3.25 விழுக்காடு கட்டணம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஜைரோ, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து பில் தொகை தானாகவே கழியும் ஏற்பாடு. முதல் பில் வருமுன்பே, "முழுத் தொகை" என்று குறிப்பிட்டு ஜைரோ போட்டுவிடுங்கள், படிவத்தில் "குறைந்தபட்சத் தொகை" கட்டமும் பக்கத்திலேயே இருக்கும். ஆண்டு வட்டி 27 விழுக்காட்டை ஒட்டியது. 2,000 வெள்ளியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் 45 வெள்ளி வட்டி, அந்த 2,000க்குக் கிடைத்த 2,600 மைலைத் தாராளமாக ஒன்றரைக் காசு என்று மதித்தாலும் 39 வெள்ளிதான். தவணை தவறினால் 100 வெள்ளி அபராதம் தனி. ஒரு மாதம் தவறியவர் மைலை மறந்துவிட்டு முதலில் பாக்கியை முடிக்க வேண்டும்.

வேலை மாறி சிங்கப்பூரை விட்டுக் கிளம்புபவர்கள் கார்டை ரத்து செய்யும் முன் புள்ளிகளை மைலாக மாற்றிவிட வேண்டும். ரத்தானதும் புள்ளிகளும் போய்விடும். மாற்றம் பெரும்பாலும் 10,000 மைல் கட்டுகளாக நடக்கும், ஒவ்வொரு முறைக்கும் 27 வெள்ளி அளவில் கட்டணம், சில வேலை நாள் பிடிக்கும், திருப்ப முடியாது. பிறகு கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் கைப்பேசி எண்ணை ஊர் எண்ணாக மாற்றுங்கள். சிம்மை முதலில் ஒப்படைத்துவிட்டால் ஒருமுறைக் கடவுச்சொல் போகும் எண் உங்களிடம் இருக்காது.