அறுக்கும் முன் வளர்நுனியைத் தேடுங்கள்

தீவனப் பயிரை நாள் கணக்கை மட்டும் வைத்து அறுத்தால், வெயிலுக்கும் நீருக்கும் உரத்துக்கும் ஏற்ப அந்தக் கணக்கு பிசகிக்கொண்டே இருக்கும். செடியின் வளர்நுனி, அதாவது புதிய இலையும் பூவும் உருவாகும் முனை, எங்கே இருக்கிறது, அது இலையை உருவாக்குகிறதா பூவை உருவாக்குகிறதா என்று பார்த்தறிவதே நம்பகமான வழி; அதற்கு ஒரு கூரிய கத்தி போதும்.

புல்லில் தொடங்குவோம். ஒரு தூரை, அதாவது அடியிலிருந்து கிளைத்த ஒரு தண்டை, மண்மட்டத்தில் வெட்டியெடுத்து, அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். இளம்பருவத்தில் தண்டு போலத் தோன்றுவது ஒன்றை ஒன்று சுற்றிய இலையுறைகள்தான். உண்மையான தண்டோ, நெருங்கி அடுக்கிய கணுக்களுடன் அடியிலேயே குறுகியிருக்க, அதன் உச்சியில் மிகச் சிறிய வெளிறிய கூம்பாக வளர்நுனி அமர்ந்திருக்கும். அதற்கு மேலே அறுத்தாலும் மாடு மேய்ந்தாலும் அது தப்பிவிடும். இளம் இலைகளும் அடிப்பகுதியிலிருந்தே வளர்வதால், இலைநுனி போன பிறகும் நீளும்.

பிளந்த தண்டில் கணுக்கள் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தால், வளர்நுனி அரிவாளுக்கு எட்டும் உயரத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அதை வெட்டிய பின் அந்தத் தூர் வளராது. அடிக்கணு மொட்டுகளிலிருந்து புதுத் தூர்கள் வெடித்தாக வேண்டும், ஆகவே மறுதாம்பு, அதாவது அறுத்த பின் வரும் மறுவளர்ச்சி, தாமதமாகும். அடுத்து, கதிருக்கு முந்தைய கடைசி இலையான கண்ணாடி இலை விரிந்து, உள்ளே திரளும் கதிரால் அதன் உறை புடைக்கும் பொதிப்பருவம் வரும். விளைச்சலும் செரிமானத் தன்மையும் ஓரளவு ஒத்துப்போவது பொதிப்பருவத்திலிருந்து கதிர் எட்டிப்பார்க்கும் வரைதான். அதன் பின் எடை கூடினாலும் தண்டு நார் பற்றி இறுகிவிடும். தீவனச்சோளம் இதற்கு விலக்கு: அதன் இளம்பயிரில் நச்சான ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாவதால், பூக்கும் வரை பொறுத்திருப்பதே பாதுகாப்பு.

பயறுவகையில் அமைப்பே வேறு. குதிரைமசால் (லூசர்ன்) விதை முளைக்கும்போது இரண்டு வித்திலைகள் மண்ணுக்கு மேலே வரும். பின்னர் ஒற்றைச் சிற்றிலை, அதன் பிறகே மூன்று சிற்றிலைகள் கொண்ட இலைகள். இங்கே வளர்நுனி தண்டின் உச்சியில் இருப்பதால் ஒவ்வோர் அறுவடையிலும் அது போய்விடும். மண்மட்டத்தை ஒட்டிய தூர்ப்பகுதியின் மொட்டுகளும் அறுத்த பின் நிற்கும் அடித்தாளில் இலை தண்டோடு சேரும் கக்கத்து மொட்டுகளுமே மீண்டும் துளிர்க்கின்றன. அந்தத் துளிர்ப்புக்கான ஆகாரம் ஆணிவேரில் சேர்ந்திருப்பது. தளிர் ஏறக்குறைய ஒரு சாண் வளரும் வரை அந்தச் சேமிப்பு குறைந்து, அதற்குப் பிறகே மீண்டும் நிரம்பத் தொடங்கும். எனவே அடிக்கடி இளசாக அறுத்தால், பார்க்கப் பச்சையாக இருக்கும் வயலே மெல்லமெல்ல அழிந்துபோகும். தண்டு நுனியை விரல்களால் நசுக்கிப் பார்த்து மொட்டுத் திரட்சி தட்டுப்படுவதிலிருந்து, பத்தில் ஒரு தண்டு பூக்கும் வரை அறுப்பதற்கு ஏற்ற காலம். இன்னொரு பயறுவகைத் தீவனமான வேலிமசாலில் மொட்டுகள் அடிக்கட்டையிலேயே இருப்பதால் தரையோடு ஒட்ட வெட்டக் கூடாது.

ஒரே வயலில் எல்லாத் தூர்களும் ஒரே பருவத்தில் இருப்பதில்லை. வரப்போரத்தை விட்டு உள்ளே பல இடங்களில் தண்டுகளை எடுத்துப் பிளந்து, பெரும்பான்மை எந்தப் பருவத்தில் இருக்கிறதோ அதையே வயலின் பருவமாகக் கொள்ளுங்கள்.